ஒரே வகுப்பு, பல தேர்வுகள்

இன்று நம் ஊர்ப்பக்கங்களில் 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' என்னும் பெயர்ப்பலகைக்குப் பஞ்சமில்லை. நெடுஞ்சாலையோரத்தில், வயல்களுக்கு நடுவேகூட அப்பெயர் தாங்கிய கட்டிடம் ஒன்று நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பன்னாட்டுப் பள்ளி என்றால் என்ன? பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியா? எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் நடத்தும் பள்ளியா? கட்டணம் மிகுதியாக வாங்கும் பள்ளியா?

இந்தப் பெயருக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அந்த வரலாற்றில் விஞ்ஞானிகள் வருகிறார்கள்; போர்கள் வருகின்றன; அமைதியை நாடிய அறிஞர்கள் வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவர்களாகிய உங்களுக்கு நன்கு பழக்கமான ஒருவர் அதில் முக்கியப் பாத்திரமாக வருகிறார். அவர் பெயர் தேர்வு!

பள்ளிகளில் கற்பிக்கும் முறையைத் திருத்த வேண்டும் என்று பெரியோர் பேசாத காலமே இல்லை. மனப்பாடம் வேண்டாம், சிந்திக்கக் கற்றுக்கொடுங்கள் என்பார்கள். ஆயினும் தேர்வு நெருங்கும்போது எல்லா வகுப்பறைகளிலும் மனப்பாட ஒலிதான் கேட்கிறது. ஏன்? ஜெனீவா நகரில் ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் இந்தக் கேள்வியோடு நாற்பது ஆண்டுகள் போராடினார்கள். அவர்கள் கண்ட விடை என்ன, அதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதையே இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

ஹக்ஸ்லியும் டிண்டாலும்

டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக வாதாடிய தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். நுண்துகள்களால் ஒளி சிதறுவதை ஆராய்ந்த ஜான் டிண்டாலின் பெயரையும் இயற்பியல் நூல்களில் சந்தித்திருப்பீர்கள். இவ்விருவரும் தத்தம் ஆராய்ச்சிகளுக்கிடையே ஒரு பள்ளிக்கூடம் அமைக்கவும் உழைத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

1860-களில் ஐரோப்பாவில் இரயில்பாதைகள் நாடுகளை இணைக்கத் தொடங்கியிருந்தன. பொருள்கள் எல்லை தாண்டிச் செல்வதுபோல் மாணவர்களும் ஏன் செல்லக்கூடாது என்று சிலர் கேட்டனர். அவர்களுடைய திட்டம் எளிமையானது. இங்கிலாந்தில் ஒரு பள்ளி, பிரான்சில் ஒரு பள்ளி, ஜெர்மனியில் ஒரு பள்ளி. மூன்றிலும் ஒரே வகையான பாடத்திட்டம். மாணவன் ஒருவன் சில காலம் இங்கும் சில காலம் அங்குமாகப் படிக்கலாம். பாடம் விட்டுப்போகாது, மூன்று மொழிகளும் வாழும் மொழிகளாகவே வந்து சேரும்.

இத்திட்டத்தின்படி லண்டனுக்கு மேற்கே ஸ்பிரிங் குரோவ் என்னுமிடத்தில் ஒரு பள்ளி தோன்றியது. பாரிஸுக்கு அருகில் சாட்டூவிலும், பான் நகரின் அருகில் கோடெஸ்பெர்க்கிலும் துணைப்பள்ளிகள் திட்டமிடப்பட்டன. இலத்தீனும் கிரேக்கமும் கோலோச்சிய அந்நாளில், ஸ்பிரிங் குரோவ் பள்ளியின் பாடத்திட்டத்தில் அறிவியலுக்குச் சரியாசனம் கிடைத்தது. அதற்குக் காரணம் ஹக்ஸ்லியும் டிண்டாலும்தான்.

ஆனால் 1870-ல் பிரான்சும் பிரஷ்யாவும் போரில் இறங்கின. எந்த எல்லைகளை மாணவர்கள் கடக்க வேண்டுமென்று திட்டமிட்டார்களோ, அதே எல்லைகளைப் படைகள் கடந்தன. லண்டன் பள்ளி மட்டும் சில காலம் நடந்து, 1889-ல் மூடப்பட்டது. விதை நல்ல விதைதான், காலம் வாய்க்கவில்லை.

ஜெனீவாவில் ஒரு புதிய பள்ளி

முதல் உலகப்போர் முடிந்தது. இனி இத்தகைய அழிவு நேரக்கூடாது என்று சர்வதேச சங்கம் தோன்றியது. அதன் தலைமையிடம் ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா நகரம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அங்கேயே குடியேறியது. பல நாடுகளிலிருந்து அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எங்கே படிப்பது?

பெற்றோர்களே முன்வந்தார்கள். அவர்களுள் ஒருவர் லுட்விக் ரைக்மன். போலந்து நாட்டு நுண்ணுயிரியல் அறிஞர். சங்கத்தின் சுகாதாரப் பிரிவுக்குத் தலைவர். பின்னாளில் உலகக் குழந்தைகளுக்கான யுனிசெஃப் அமைப்பு தோன்றக் காரணமாக இருந்தவரும் இவரே. இன்னொருவர் ஆர்தர் ஸ்வீட்ஸர். சங்கத்தின் செய்திப் பிரிவில் பணியாற்றிய அமெரிக்கர். இவர்களோடு கைகோத்தவர் அடால்ஃப் ஃபெரியேர் என்னும் ஸ்விஸ் கல்வியறிஞர். இளமையிலேயே செவிப்புலனை இழந்தவர் ஃபெரியேர். ஆசிரியர் பேச, மாணவர் கேட்டுக்கொண்டேயிருக்கும் வகுப்பறையைக் கடுமையாகக் குறைகூறி, 'செயல்வழிப் பள்ளி' என்னும் கொள்கையைப் பரப்பியவரும் அவரே. குழந்தை தன் கையாலும் கண்ணாலும் செய்து கற்க வேண்டும் என்பது அக்கொள்கையின் சாரம்.

இவ்வாறு 1924-ல், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களுடன் ஜெனீவா பன்னாட்டுப் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டில் ஜப்பானின் யோகோஹாமா நகரிலும் ஒரு பன்னாட்டுப் பள்ளி பிறந்தது.

ஜெனீவா பள்ளியில் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளிலும் மாணவர் பழகினர். 1929 முதல் 1949 வரை பள்ளியை நடத்திய மேரி தெரேஸ் மொரெட் அம்மையார் புவியியல் பாடத்தில் ஒரு புதுமை செய்தார். நம் ஊர், நம் மாவட்டம், நம் நாடு என்று தொடங்கிப் பிறகு உலகுக்குப் போவதுதானே வழக்கம்? அவரோ முதலில் உலகம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்கப் பழக்கினார். மலைகள், ஆறுகள், கடல்கள், மக்கள், விளைபொருள்கள் முதலியன முதலில்; நாட்டு எல்லைக்கோடுகள் பிறகு. அமைதிக்கான கல்விமுறைகள் உண்டா என்னும் கேள்வியை ஆராய்ந்து, தம் அனுபவங்களை 1948-ல் யுனெஸ்கோவுக்காக ஒரு சிறு நூலாகவும் எழுதினார்.

பதினாறு வயதில் வந்த பிரிவினை

இவ்வளவு நன்றாக நடந்த பள்ளியில் என்ன குறை? குறை மேல்வகுப்புகளில் இருந்தது.

ஒரு வகுப்பைக் கற்பனை செய்து பாருங்கள். அதில் ஒரு பிரெஞ்சு மாணவி, ஓர் ஆங்கிலேய மாணவன், ஒரு ஸ்விஸ் மாணவன், ஓர் அமெரிக்க மாணவி இருக்கிறார்கள். பத்து வயதிலிருந்து ஒன்றாகப் படித்து, ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்கள். பதினாறு வயது வந்ததும் என்ன நடக்கிறது? நால்வரும் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும். பிரெஞ்சுப் பெண் தன் நாட்டின் பக்கலோரியா தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலேயன் தன் நாட்டின் உயர்நிலைச் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்க வேண்டும். ஸ்விஸ் மாணவனுக்கு மத்துரிதே என்னும் தேர்வு. அமெரிக்கப் பெண்ணுக்கு அந்நாட்டுக் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியத்தின் தேர்வு.

ஆகவே வகுப்பு உடைந்தது. ஒரே பள்ளியின் கூரையடியில் நான்கு சிறு பள்ளிகள் முளைத்தன. ஒவ்வொரு குழுவிலும் மாணவர் சிலரே. ஆசிரியர்களோ பலர் தேவைப்பட்டனர். செலவு ஏறியது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருந்தது. உலகத்தை ஒன்றாகப் பார்க்கப் பழகிய பிள்ளைகள், சிந்தனை முதிரும் வயதில் தத்தம் நாட்டு வினாத்தாளுக்குள் திரும்பிப் போனார்கள்.

வரலாற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 1870-ஆம் ஆண்டுப் போர், ஜெர்மானியர் நோக்கில் நாடு ஒன்றுபட்ட பெருமைக்குரிய நிகழ்ச்சி. பிரெஞ்சுக்காரர் நோக்கில் அல்சேஸ், லொரேன் பகுதிகள் பறிபோன துயர நிகழ்ச்சி. நமக்கும் இது புதிதல்ல. 1857-ல் நடந்ததை ஆங்கிலேயர் 'சிப்பாய்க் கலகம்' என்று எழுதினர். நம்மவர் 'முதல் சுதந்திரப் போர்' என்று எழுதினர். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவன் ஒன்றைப் புரிந்துகொள்வான்: சான்றுகளைப் பார்க்காமல் எதையும் ஏற்கக்கூடாது. ஆனால் ஒரு நாட்டின் தேர்வு ஒரு கதையை மட்டுமே கேட்கும்போது, இரண்டாவது கதையைப் படிக்க மாணவனுக்கு நேரம் ஏது?

இங்கேதான் ஜெனீவா ஆசிரியர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். நல்ல ஆசிரியர் இருக்கலாம், நல்ல நூலகம் இருக்கலாம், நல்ல நோக்கமும் இருக்கலாம். ஆயினும் கடைசி இரண்டு ஆண்டுகளில் வகுப்பறையை ஆள்வது வினாத்தாளே. கற்பித்தலை மாற்ற விரும்புவோர் தேர்வைத் தொடாமல் தப்பமுடியாது.

ஒரே ஒரு பாடத்தில் தொடக்கம்

1951-ல் பன்னாட்டுப் பள்ளிகள் சங்கம் என்னும் அமைப்பு உருவானது. பொதுத்தேர்வு ஒன்று வேண்டும் என்ற பேச்சு அதில் அடிக்கடி எழுந்தது. பேச்சு செயலாக மாற மேலும் பத்தாண்டுகள் பிடித்தன.

1962-ல் யுனெஸ்கோ 2,500 டாலர் நிதி அளித்தது. சிறிய தொகைதான். அதே ஆண்டு சமூகவியல் பாட ஆசிரியர்களின் மாநாடு ஒன்று ஜெனீவாவில் கூடியது. அதை முன்னின்று நடத்தியவர் ராபர்ட் லீச். ஜெனீவா பள்ளியின் வரலாற்று ஆசிரியர். எல்லாப் பாடங்களையும் ஒரேயடியாக மாற்ற முயலாமல், 'தற்கால வரலாறு' என்ற ஒரே ஒரு பாடத்துக்கு எல்லா நாட்டு மாணவரும் எழுதத்தக்க தாள் ஒன்றைத் தயாரித்தனர். 1963-ல் அத்தேர்வு சோதனையாக நடைபெற்றது.

எந்தப் பாடத்தில் நாடுகளுக்குள் கருத்து வேற்றுமை மிகுதியோ, அந்தப் பாடத்தையே முதலில் எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். வரலாற்றில் ஒரு பொதுத்தாள் அமையுமானால் மற்றப் பாடங்களிலும் அமையும் அல்லவா?

பிறகு நிதி வரத் தொடங்கியது. அமெரிக்காவின் இருபதாம் நூற்றாண்டு நிதியம் 75,000 டாலர் தந்தது. 1966-ல் ஃபோர்டு அறக்கட்டளை 3,00,000 டாலர் வழங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கல்வித் துறைத் தலைவராக இருந்த அலெக் பீட்டர்சன் இம்முயற்சியில் முழுமூச்சாக இறங்கினார். 1967-ல் பாரிஸை அடுத்த செவ்ர் நகரில் கூடிய மாநாடு பாடத்திட்டத்துக்கு உருவம் கொடுத்தது. 1968-ல் ஜெனீவாவில் 'இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்' அமைப்பு முறைப்படி தோன்றியது. சுருக்கமாக ஐ.பி. என்பார்கள். பீட்டர்சன் அதன் முதல் தலைமை இயக்குநரானார். 1970-ல் முதல் முறையான தேர்வு நடந்தது.

எதைச் சோதிப்பது?

பொதுத்தேர்வு என்று முடிவு செய்தாயிற்று. ஆனால் எந்த நாட்டு முறையைப் பின்பற்றுவது? இங்கிலாந்தில் மாணவன் பதினாறு வயதிலேயே மூன்று பாடங்களை மட்டும் தேர்ந்துகொண்டு ஆழமாகப் படித்தான். இலக்கியம் எடுத்தவன் கணிதத்துக்கு விடைகொடுத்துவிட்டான். இயற்பியல் எடுத்தவன் வரலாற்றை மறந்துவிட்டான். பிரான்சில் இதற்கு மாறாகப் பல பாடங்கள், தத்துவம் உள்பட. அகலம் இருந்தது, சுமையும் இருந்தது. ஆழமா, அகலமா என்பதே கேள்வி.

பீட்டர்சன் இதைவிட அடிப்படையான கேள்வி ஒன்றை எழுப்பினார். மாணவன் எவ்வளவு செய்திகளைச் சேர்த்து வைத்திருக்கிறான் என்று அளப்பதா? செய்திகளைக் கொண்டு அவனால் என்ன செய்ய முடிகிறது என்று அளப்பதா? 1956-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் தம் குழுவினரோடு கல்வி நோக்கங்களைப் படிப்படியாக வகைப்படுத்திக் காட்டியிருந்தார். நினைவில் வைத்தல் முதற்படி. புரிந்துகொள்ளல், புதிய இடத்தில் பயன்படுத்தல், பகுத்தாய்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் ஆகியவை அடுத்தடுத்த படிகள்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒளிச்சேர்க்கை பற்றி மூன்று வினாக்களைப் பாருங்கள்.

முதல் வினா: ஒளிச்சேர்க்கை என்றால் என்ன? இதற்கு நான்கு வரி மனப்பாடம் போதும்.

இரண்டாம் வினா: தொட்டிச்செடி ஒன்றை 48 மணிநேரம் இருட்டறையில் வைத்தபின், ஓர் இலையின் பாதியைக் கறுப்புத்தாளால் மூடி வெயிலில் வைக்கிறோம். பிறகு இலையின் பச்சையத்தை நீக்கி அயோடின் சோதனை செய்தால் இலையின் இரு பாதிகளிலும் என்ன காண்போம்? ஏன்? இதற்கு விடை சொல்லப் பாடம் புரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வினா: ஒரு மாணவி இதே சோதனையைச் செய்தாள். தாளால் மூடிய பாதியும் கருநீலமாக மாறிவிட்டது. என்ன நடந்திருக்கலாம்? அதை எப்படிச் சரிபார்ப்பாய்? செடியை முன்கூட்டி இருட்டில் வைக்காததால் இலையில் பழைய மாவுச்சத்து தங்கியிருக்கலாம். தாளின் ஓரத்தில் ஒளி கசிந்திருக்கலாம். இதற்கு விடை எந்தப் புத்தகத்திலும் அச்சாகியிருக்காது. விஞ்ஞானி ஒருவர் நாள்தோறும் தம் ஆய்வகத்தில் செய்யும் வேலை இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

இப்போது சிந்தியுங்கள். தேர்வில் முதல் வகை வினா மட்டுமே வரும் என்று தெரிந்தால் உங்கள் ஆசிரியர் எப்படிக் கற்பிப்பார்? மூன்றாம் வகையும் வரும் என்றால் எப்படிக் கற்பிப்பார்? முன்னதற்குக் கரும்பலகை போதும். பின்னதற்கு இலையும் அயோடினும் வகுப்புக்கு வந்தே தீரவேண்டும்!

ஆறு பாடங்கள், மூன்று நிபந்தனைகள்

ஐ.பி. அமைப்பினர் கண்ட சமரசம் இதுதான். மாணவன் இரண்டு ஆண்டுகளில் ஆறு பாடங்கள் படிக்க வேண்டும்: தன் முதல் மொழி, இரண்டாம் மொழி, சமூகம் பற்றிய ஒரு பாடம், ஓர் அறிவியல், கணிதம் ஆகிய ஐந்தோடு, கலையோ வேறொரு பாடமோ ஆறாவது. ஆறில் மூன்று பாடங்களை உயர்நிலையில் ஆழமாகவும், மற்ற மூன்றை அதற்குக் குறைந்த நிலையிலும் படித்தால் போதும். இவ்வாறு அகலமும் கிடைத்தது, ஆழமும் கிடைத்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் உச்சமதிப்பு 7 புள்ளிகள்.

இவற்றோடு மூன்று நிபந்தனைகளும் உண்டு. ஒன்று, 'அறிவின் கோட்பாடு' என்னும் பாடம். கணிதத்தில் ஒன்றை உண்மை என்று எப்படி நிறுவுகிறோம்? உயிரியலில் எப்படி? வரலாற்றில் எப்படி? நமக்குத் தெரியும் என்று நாம் சொல்வது உண்மையிலேயே எப்படித் தெரிந்தது? இவற்றை மாணவர் விவாதிக்க வேண்டும். ஜெனீவா பள்ளியில் தத்துவ ஆசிரியராக இருந்த ஜெரார் ரெனோவுக்கு இப்பாடத்தை அமைத்ததில் பெரும் பங்குண்டு. இரண்டு, மாணவன் தானே ஒரு பொருளைத் தேர்ந்து, ஆராய்ந்து எழுதும் நீண்ட கட்டுரை. இன்று அதன் உச்ச அளவு 4,000 சொற்கள். மூன்று, படிப்புக்கு வெளியே கலை, உடற்செயல், தொண்டு ஆகியவற்றில் ஈடுபாடு. அறிவின் கோட்பாட்டுக்கும் நீண்ட கட்டுரைக்கும் சேர்த்து 3 புள்ளிகள்; ஆக மொத்தம் 45.

அறிவியல் செய்முறைக்கு மதிப்பெண் இடுபவர் வகுப்பு ஆசிரியரே. அப்படியானால் ஒரு பள்ளியில் தாராளமாகவும் மற்றொன்றில் கஞ்சத்தனமாகவும் மதிப்பெண் விழாதா? இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் சில மாணவர்களின் வேலைகளை மட்டும் மாதிரியாக எடுத்து, வெளியிலுள்ள தேர்வாளர் மறுபடி மதிப்பிடுவார். ஆசிரியர் தாராளமாக இட்டிருந்தால் அப்பள்ளியின் மதிப்பெண்கள் அதற்கேற்பக் குறைக்கப்படும். கடுமையாக இட்டிருந்தால் கூட்டப்படும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே புள்ளியியல் முறையாகிவிட்டது!

ஒரு படகின் கதை

தொண்டு என்பதை ஏன் கல்வியில் சேர்த்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கு ஒரு சுவையான சான்று உண்டு.

1962-ல் பிரிட்டனின் வேல்ஸ் கடற்கரையில், பழைய கோட்டை ஒன்றில் அட்லாண்டிக் கல்லூரி தொடங்கியது. குர்ட் ஹான் என்னும் கல்வியாளரின் எண்ணத்தில் உதித்த உறைவிடப் பள்ளி அது. பல நாட்டு மாணவர்கள் அங்கே ஒன்றாகத் தங்கிப் படித்தனர். ஐ.பி. முறையைத் தொடக்கத்திலேயே முழுமையாக ஏற்ற பள்ளிகளுள் அதுவும் ஒன்று. மாணவர்களுக்கு அங்கே ஒரு கடமை இருந்தது: கடலில் ஆபத்துக்குள்ளாவோரை மீட்பது.

அதற்குக் காற்றடைத்த இரப்பர் படகுகளைப் பயன்படுத்தினர். ஆனால் கூழாங்கற்கள் நிறைந்த கரையில் இழுத்து இழுத்துப் படகின் துணியடித்தளம் தேய்ந்து கிழிந்தது. தலைமையாசிரியர் டெஸ்மண்ட் ஹோர் முன்னாள் கடற்படை அதிகாரி. அவரும் மாணவர்களும் படகின் அடியில் ஒட்டுப்பலகையைப் பொருத்திப் பார்த்தனர். தேய்மானம் குறைந்தது. பிறகு அடிப்பாகத்தின் வடிவத்தை மாற்றி மாற்றிச் சோதித்தனர். அலைகளில் வேகமாகச் செல்லும் புதுவகைப் படகு ஒன்று உருவாயிற்று. கெட்டியான அடிப்பாகமும் காற்றடைத்த பக்கங்களும் கொண்ட அப்படகின் காப்புரிமையை பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பவுனுக்கு ஹோர் கொடுத்துவிட்டார். இன்று உலகெங்கும் கடற்படைகளும் மீட்புக் குழுக்களும் அவ்வகைப் படகுகளையே பயன்படுத்துகின்றன.

அந்த மாணவர்கள் மிதப்பு விதியையும் உராய்வையும் கற்றது எங்கே? அவர்களுக்கு முன்னால் இருந்த வினாத்தாள் கடல்!

கொடைக்கானலுக்கு வந்த புதுமுறை

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் இடம் உண்டு. 1901-ல் அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் தம் பிள்ளைகளுக்காகக் கொடைக்கானல் மலையில் ஒரு பள்ளி தொடங்கினர். நாளடைவில் பிற நாட்டுப் பிள்ளைகளும் இந்தியப் பிள்ளைகளும் அதில் சேர்ந்தனர். அதுவே இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. 1976-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஐ.பி. முறையை ஏற்ற பள்ளி அதுதான். இன்று இந்தியாவில் இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இம்முறை உள்ளது. உலகில் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் 5,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இதைப் பின்பற்றுகின்றன. அமெரிக்காவில் இவற்றுள் பெரும்பாலானவை கட்டணமில்லாத அரசுப் பள்ளிகள் என்பது கவனிக்கத்தக்கது.

தேர்வை மாற்றினால் போதுமா?

இதுவரை படித்த நீங்கள், தேர்வு மாறினால் எல்லாம் மாறிவிடும் போலும் என்று எண்ணலாம். அப்படிச் சொல்லிவிட முடியாது. ஐ.பி. வரலாறே அதற்குச் சான்று.

பத்தாண்டுகள் மனப்பாடத்தில் ஊறிய மாணவனைக் கடைசி இரண்டு ஆண்டுகளில் மட்டும் சிந்திக்கச் சொன்னால் அவன் திகைப்பான். ஆகவே 1994-ல் நடுநிலை வகுப்புகளுக்கும், 1997-ல் தொடக்க வகுப்புகளுக்கும் தனித் திட்டங்கள் வகுக்கப்பட்டன. தொடக்க வகுப்புத் திட்டத்துக்கு அடித்தளமிட்டவர்கள் பன்னாட்டுப் பள்ளி ஆசிரியர்களே. குழந்தையின் கேள்வியிலிருந்து பாடத்தைத் தொடங்குவது அதன் அடிப்படை. மேலிருந்து தொடங்கிய சீர்திருத்தம் இவ்வாறு கீழ்வகுப்புகளுக்கு இறங்கி வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

மேலும், எந்தத் தேர்வானாலும் அதற்கும் குறுக்குவழி தேடுவோர் உண்டு. சிந்தனையைச் சோதிக்கும் வினாவுக்கும் மாதிரி விடைகளை அச்சிட்டு விற்கலாம். நீண்ட கட்டுரையை வேறொருவர் எழுதித் தரலாம். 2020-ல் கொரோனா நோயால் மே மாதத் தேர்வுகள் கைவிடப்பட்டன. அப்போது மாணவர்கள் ஏற்கெனவே செய்த வேலை, ஆசிரியர்களின் முன்மதிப்பீடு, பள்ளியின் முந்தைய ஆண்டுப் பதிவுகள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கீட்டு முறையில் மதிப்பு வழங்கப்பட்டது. பல நாட்டு மாணவர்கள் கடுமையாக எதிர்த்தனர். பின்னர் சில முடிவுகள் திருத்தப்பட்டன. என் பள்ளியில் முன்பு படித்தவர்களின் மதிப்பெண்ணுக்கும் என் உழைப்புக்கும் என்ன தொடர்பு என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்விதானே?

இன்னொரு குறையும் உண்டு. இம்முறை ஐரோப்பாவில், ஐரோப்பியரின் தேவைக்காகப் பிறந்தது. அதற்கு ஆகும் செலவும் அதிகம். நம் நாட்டில் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கே அது பெரும்பாலும் எட்டுகிறது. பன்னாட்டுப் பள்ளி என்று பெயர் சூட்டிக்கொண்டு பழைய மனப்பாடத்தையே நடத்தும் இடங்களும் இல்லாமலில்லை. பெயர்ப்பலகை யார் வேண்டுமானாலும் எழுதலாம். வினாத்தாளைப் பார்த்தால்தான் உள்ளே நடப்பது தெரியும்.

நீங்கள் செய்யக்கூடியது

அப்படியானால் சாதாரணப் பள்ளியில், தமிழ்வழியில் படிக்கும் உங்களுக்கு இந்த வரலாற்றால் என்ன பயன்?

ஜெனீவா ஆசிரியர்களிடம் தொடக்கத்தில் இருந்தவை மிகச் சில: ஒரு பாடம், ஒரு தாள், 2,500 டாலர். நல்ல வினா ஒன்றை அமைக்கப் பெரிய கட்டிடம் வேண்டியதில்லை. ஒளிச்சேர்க்கை பற்றி மேலே கண்ட மூன்றாவது வினாவுக்கு வேண்டியவை ஒரு தொட்டிச்செடி, ஒரு துண்டுக் கறுப்புத்தாள், சிறிது ஆல்கஹால், சில துளி அயோடின். இவை எல்லாப் பள்ளிகளுக்கும் எட்டக்கூடியவையே.

அடுத்த முறை ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும், புத்தகத்தின் பின்னாலுள்ள வினாக்களோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்களே ஒரு வினாவை எழுதுங்கள். அதற்கான விடை புத்தகத்தில் நேரடியாக இருக்கக்கூடாது. ஆனால் புத்தகத்தைப் புரிந்துகொண்டவரால் கண்டறிய முடிய வேண்டும். அதை உங்கள் நண்பரிடம் கொடுங்கள்; அவர் எழுதிய வினாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இருவருக்கும் விடை தெரியாவிட்டால் ஆசிரியரிடம் செல்லுங்கள். அவருக்கும் உடனே தெரியாமற்போகலாம். அப்போது மூவரும் சேர்ந்து ஒரு சோதனை செய்து பார்ப்பீர்கள். அந்தச் சோதனை தொடங்கும் வேளையில், ஹக்ஸ்லியும் ஃபெரியேரும் மொரெட் அம்மையாரும் விரும்பிய பள்ளி உங்கள் வகுப்பிலேயே தொடங்கிவிடும்.